மேல என்ன படிச்சிருக்கீங்க?

கிளினிக்கில் உட்காரும் இளம் டாக்டர் எவரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. "எம்பிபிஎஸ் சரி, மேல என்ன படிச்சிருக்கீங்க?" இதயம், சிறுநீரகம், எலும்பு என்று ஓர் உறுப்பைச் சொன்னால் கேட்டவர் முகம் மலர்கிறது. "குடும்ப மருத்துவம்" என்றால் குழப்பம்தான். பொது மருத்துவமும் இதுவும் ஒன்றென்றே பலர் நினைக்கிறார்கள். பொது மருத்துவம் பெரியவர்களின் உள்நோய்களைப் பார்ப்பது. குழந்தை, கர்ப்பிணி, முதியவர், சிறு அறுவைச் சிகிச்சை எல்லாம் அடங்கியது குடும்ப மருத்துவம். இதற்கான டி.என்.பி. என்ற முதுநிலைப் படிப்பு 3 ஆண்டுகள்.

இதன் பலம் எங்கே தெரியும்? இருமலோடு வருகிறார் 52 வயது அம்மா ஒருவர். இரண்டே நிமிடத்தில் சிரப் எழுதி அனுப்பிவிடலாம். குடும்ப டாக்டர் அவர் பையிலிருக்கும் மாத்திரை அட்டைகளையெல்லாம் மேசையில் எடுத்து வைக்கச் சொல்கிறார். ரத்த அழுத்தத்துக்கு வேறோர் இடத்தில் எழுதிய எனலாப்ரில் அதில் இருக்கிறது. வறட்டு இருமலைக் கொண்டுவரும் மாத்திரை அது. சர்க்கரை மாத்திரையும் இருப்பதைப் பார்த்து, செருப்பைக் கழற்றச் சொல்கிறார். கட்டைவிரலுக்கு அடியில், காய்த்துப்போன தோலின் நடுவே ஒரு புண். வலிக்காததால் அந்த அம்மாவுக்கே தெரியாது. ஒரு காலைக் காப்பாற்றும் வைத்தியம் இது. ஆனால் இதற்குச் செலவான இருபது நிமிடத்துக்கும் இரண்டு நிமிட ஃபீஸ்தான் கிடைக்கும். இந்தத் துறையின் முதல் காயம் இதுதான்.

இத்தகைய டாக்டரை நம் மக்கள் அறியாதவர்கள் அல்ல. சென்னை பழைய வண்ணாரப்பேட்டையின் '5 ரூபாய் டாக்டர்' ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் காலமானபோது ஊரே திரண்டு அழுதது. அவரைப் போன்றவர்களைக் கைராசிக்காரர் என்று கொண்டாடினோம். அந்தத் திறமையைப் பாடமாக்கிக் கற்றுத்தர வேண்டும் என்று மட்டும் நமக்குத் தோன்றவில்லை. 2002, 2017 தேசிய சுகாதாரக் கொள்கைகள் குடும்ப மருத்துவத்தை வலியுறுத்தின. ஆனாலும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் பணிக்கு இன்றும் எம்பிபிஎஸ் போதும். மூன்று வருடம் கூடுதலாகப் படித்தவருக்குரிய நாற்காலி எது?

பயிற்சியிலும் குறை உண்டு. பெரிய ஆஸ்பத்திரிகளில் மாணவர் துறை துறையாகச் சுற்றி, அந்தந்த நிபுணரின் வார்டு வேலையைச் செய்கிறார். பெயர் வைக்கப்படாத காய்ச்சலை முதல் நாளிலேயே பார்த்து, எதை வீட்டுக்கு அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது என்று தீர்மானிக்கும் பழக்கம் வார்டில் வராது. அது கைவராதவரின் அகலமான அறிவு ஆபத்தானது. அவர் ஒன்று எல்லாவற்றுக்கும் ஊசி போடுவார், இல்லையேல் எல்லாரையும் ஸ்கேனுக்கு அனுப்புவார்.

வேலையின் எல்லையை முடிவு செய்வது பட்டமல்ல, ஊர். தருமபுரி மாவட்டச் சித்தேரி, சிட்டிலிங்கி போன்ற மலைப்பகுதிகளில் பிரசவம், பாம்புக்கடி, எலும்பு முறிவு எல்லாமே முதலில் வந்து சேரும் டாக்டரின் பொறுப்பு. அதே படிப்பு படித்தவர் சென்னையின் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் வாசல் டாக்டராகிப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார்.

இருந்தும், விரும்பும் மாணவர்களிடம் தயங்காமல் சேரச் சொல்வேன். சேருமுன் ஒன்றை விசாரியுங்கள்: அந்த ஆஸ்பத்திரியில் குடும்ப மருத்துவத்துக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறதா? நீங்கள் பார்த்த நோயாளி அடுத்த மாதமும் உங்களிடமே திரும்பி வருவாரா?