ஒரு நாள் அனுமதி

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஆண்டு நடன விழாக்களால் நகர்கிறது. இலையுதிர் காலத்தில் ஹோம்கமிங், வசந்தத்தில் ப்ராம். இரண்டுக்கும் ஆண் அழைப்பான், பெண் காத்திருப்பாள் என்பதே பழைய வழக்கம். இடையில் ஒரே ஒரு நடனத்துக்குப் பெண் அழைக்கலாம்: சேடி ஹாக்கின்ஸ். இதை விடுதலையின் சிறு கீற்றாகப் பார்ப்பவர்கள் உண்டு. அதன் மூலக்கதையை அறிந்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அல் காப் வரைந்த 'லில் ஆப்னர்' சித்திரத்தொடரில் 1937இல் இடம்பெற்ற கதை இது. அழகற்றவள் என்று ஊர் ஒதுக்கிய சேடி, 35 வயதிலும் மணமாகாமல் இருக்கிறாள். பொறுமையிழந்த தந்தை, மணமாகாத ஆண்களை ஓடவிட்டு மகளைத் துரத்தச் சொல்கிறார். பிடிபட்டவன் கணவன். சிரிப்பு எங்கே இருக்கிறது? ஆணைத் தேடிப் போகும் பெண்ணே கேலிக்கூத்து என்பதில்தான். ஓடும் கால்கள் அவளுடையவை, திட்டம் அப்பாவுடையது.

அந்தக் கேலியைத்தான் பள்ளிகள் சடங்காக்கின. ஒரு நாளுக்கான அனுமதி, மற்ற நாள்களின் தடையை உறுதிசெய்கிறது. 2010இல் மிசிசிப்பி மாணவி கான்ஸ்டன்ஸ் மெக்மில்லன், டக்சீடோ அணிந்து தன் காதலியோடு ப்ராமுக்கு வர விரும்பினார். பள்ளி நிர்வாகம் ப்ராமையே ரத்துசெய்தது. பெண்ணின் விருப்பம் யாரும் நாள் குறித்துத் தராமலே வந்து நின்றால், விழாவே நின்றுபோகிறது.