ஓதமும் உஷ்ணப் படமும்

மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துப் பழைய கட்டடங்களில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு, ஆனி பிறந்து மழை வலுத்ததும் சீலிங்கில் மஞ்சள் கறை விரிவதும், அது மொட்டைமாடியின் தோஷமா மேல்வீட்டுக் குளியலறையின் தோஷமா என்ற விவாதம் மூள்வதும் வருஷந்தோறும் நிகழும் வைபவங்கள். விவாதம் இத்தனை உக்கிரமாவதற்குப் பணமே காரணம். மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் மாதிரி உபவிதிகளின்படி, மழைநீர்க் கசிவும் வெளிப்புறப் பொதுக் குழாயின் ஒழுக்கும் சொஸைட்டியின் செலவு. குளியலறை, ஸிங்க் முதலியவற்றின் உட்கசிவோ அந்தந்த வீட்டாரின் செலவு.

இந்த வழக்கைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையோடு நான் கையாண்டு பார்த்த உபகரணங்கள் இரண்டு: மொபைலின் அடியில் செருகும் ‘ஃபிளிர் ஒன் ப்ரோ’ என்னும் வெப்பக் கேமரா ஒன்று, இரு ஊசி முனைகள் கொண்ட சாதாரண ஈரமானி மற்றொன்று.

கேமரா ஜலத்தைப் பார்ப்பதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஈரக் காரையிலிருந்து நீர் ஆவியாகும்போது அவ்விடம் சற்றே குளிர்வதால், 160க்கு 120 புள்ளிகள் கொண்ட அதன் படத்தில் அந்தப் பாகம் நீலம் பாய்ந்து தோன்றுகிறது. ஆகவே அது காட்டுவது உஷ்ணத்தை, ஈரம் என்பது நம் அனுமானம். பம்பாயின் மழைக்காலத்திலோ காற்றே நீரால் நிறைந்திருப்பதால் ஆவியாதல் மந்தப்பட்டு, கண்ணுக்குப் பிரத்யட்சமாகத் தெரிகிற கறைகூடப் படத்தில் மங்கிப்போகிறது. ஏ.சி.யைச் சற்று நேரம் ஓடவிட்டு அறைக்காற்றை உலர்த்தினால் சித்திரம் தெளிவடையும், ஆயினும் ஏ.சி.யின் குளிர்காற்று நேரே படுகிற இடமும் அதே நீலத்தில் தோன்றி ஏமாற்றும்.

ஊசிமானி இதைவிட விசுவாசமானது என்பது என் அபிப்பிராயம். இரு முனைகளுக்கும் இடையிலுள்ள மின்தடையை அளக்கும் அக்கருவி, மரத்துக்கென அளவு வகுக்கப்பட்டதாதலால், காரையில் அது காட்டும் சதவீதத்தை அப்படியே நம்பலாகாது. உலர்ந்த மூலையொன்றில் முதலில் குத்திப் பார்த்து அதனோடு ஒப்பிட வேண்டும். உப்புப் பூத்த சுவர் உலர்ந்திருந்தாலும் எண் உயரும் என்பது மற்றோர் எச்சரிக்கை.

ஆனால், மிகுதியான ஈரம் உள்ள இடமே ஒழுக்கின் மூலம் என்று கொள்வது பிழை. இவ்வூர்க் குளியலறைகள் பலவற்றில் தளத்தைத் தாழ்த்திச் செங்கல் துண்டுகளால் நிரப்பியிருப்பதால், அந்நிரப்பு நீரை உறிஞ்சி வைத்திருந்து, எங்கே விரிசல் கிடைக்கிறதோ அங்கே இறக்குகிறது. எனவே யந்திரத்தோடு பழைய உபாயமும் கைகோத்தாக வேண்டும்: மழையில்லாத நாள்களில், மேல்வீட்டுக் குளியலறைத் தரையின் வடிகாலான நஹானி டிராப்பை அடைத்து, சாயம் கலந்த நீரை ஒரு நாள் தேக்கிவைத்து, கீழே சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பது.

கேமரா தன் விலைக்கு நியாயம் செய்வது வேறொரு பரீட்சையில். மேல்வீட்டில் கீஸரைப் போட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டால், ஒழுக்கு அந்தக் குழாயில் இருக்கும் பட்சத்தில், வெம்மை சிறிது சிறிதாகச் சீலிங்கில் படர்வது திரையில் புலப்படும். எங்கள் கட்டடத்தில் அவ்வாறு படர்ந்ததை மேல்வீட்டு மாமியே இறங்கிவந்து பார்த்துவிட்டு, “சரி, எங்காத்துக் குழாய்தான், பிளம்பரை வரச்சொல்றேன்” என்றார். சொஸைட்டிக் கூட்டங்கள் பலவற்றில் வாய்க்காத சமாதானம் அது.

கேமராவை ஒருவர் தனியே வாங்குவது வீண் செலவு. சொஸைட்டி பொதுவில் வாங்கி வைக்கலாம், அல்லது கேமரா வைத்திருக்கும் நிபுணரை ஒருமுறை வரவழைக்கலாம். ஊசிமானியோ அதன் விலையில் சிறு பங்குதான். அதை வீட்டில் வைத்திருப்பது தகும். பழுது நீங்கிய பின்னும் செங்கல் நிரப்பு வாரக்கணக்கில் கசியுமாதலால், ஊசிமானியின் எண் உலர்ந்த மூலையின் அளவுக்கு இறங்கும்வரை பெயின்டரை அழைக்க வேண்டாம். காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரியுமானால் மட்டும், இரண்டு கருவிகளையும் பெட்டியில் வைத்துவிட்டு, ஸ்ட்ரக்சுரல் ஆடிட்டருக்குச் சொல்லி அனுப்புங்கள்.