பத்தாம் வசனத்தோடு நின்றுபோகும் வாசகம்

கோட் எழுதுகிறவர்களுக்கு 'ஆஃப் பை ஒன்' பிழை தெரிந்திருக்கும். லூப் ஒரு அடி முன்னாடியே நின்றுவிடும். புரோகிராம் ஓடும், எரர் ஒன்றும் வராது, கடைசி ஒன்று மட்டும் விடுபட்டிருக்கும். கத்தோலிக்கர்களின் தவக்கால வாசகப் பட்டியலைப் புரட்டியபோது அப்படி ஒன்று கண்ணில் பட்டது.

ஞாயிறு திருப்பலி வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. 1969-இல் வந்த ஏற்பாடு இது. ரோமிலும் தூத்துக்குடியிலும் ஒரே பட்டியல்தான். மூன்றாம் ஆண்டில், தவக்கால முதல் ஞாயிறன்று முதல் வாசகம் இணைச்சட்டம் 26:4-10 (சி.எஸ்.ஐ. நண்பர்களுக்கு உபாகமம்).

காட்சி எளிமையானது. ஒரு விவசாயி முதல் விளைச்சலைக் கூடையில் கொண்டுவருகிறான். காணிக்கை வைக்கும்போது அவன் ஒரு கதை சொல்ல வேண்டும். என் மூதாதை ஊர் ஊராக அலைந்த அரமேயன்; பிழைக்க எகிப்துக்குப் போனான்; அங்கே அடிமைகளாகக் கஷ்டப்பட்டோம்; கடவுள் மீட்டு இந்த நிலத்தைக் கொடுத்தார். சொந்த நிலத்தில் அறுவடை செய்தவன் தன்னைப் பற்றிச் சொல்லும் முதல் விஷயமே 'நாங்கள் வந்தேறிகள்' என்பதுதான். பிறகு கூடையை வைத்து வணங்குகிறான். அதோடு வாசகம் முடிகிறது.

ஆனால் பைபிளில் அது முடியவில்லை. 11-ஆம் வசனம், இந்த நன்மைகளையெல்லாம் நீயும், லேவியரும், உன்னோடு வாழும் அந்நியரும் சேர்ந்து கொண்டாட வேண்டும் என்கிறது. அடுத்த வசனம் பத்தில் ஒரு பங்கை லேவியர், அந்நியர், அநாதைகள், விதவைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. கதை சொன்னதன் பலனே இங்கேதான் இருக்கிறது. இதை வெட்டினால் மிஞ்சுவது 'நாங்கள் கஷ்டப்பட்டு வந்தோம், நன்றி கடவுளே' என்பது மட்டும்தான். அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பின்னாலேயே வருகிறவனுக்குக் கதவைச் சாத்திக்கொண்டும் சொல்லலாம்.

தொகுத்தவர்கள் பக்க நியாயமும் உண்டு. அன்றைய இரண்டாம் வாசகம் உரோமையர் 10. பொருள், விசுவாச அறிக்கை. அறிக்கை 10-ஆம் வசனத்தோடு முடிவதால் அங்கே நிறுத்தியிருக்கலாம். உரோமையர் பகுதியிலேயே யூதர், கிரேக்கர் வேறுபாடில்லை என்று வருகிறது. ஆகவே இதில் சதி எதுவும் இல்லை. ஆனாலும் பல புராட்டஸ்டண்ட் சபைகள் பயன்படுத்தும் 1992-ஆம் ஆண்டின் பொது வாசகப் பட்டியல் இதே ஞாயிறுக்கு 26:1-11 என்று வைத்திருக்கிறது. ஒரு வசனம் சேர்த்தால் எதுவும் கெட்டுப்போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? 2016 மூன்றாம் ஆண்டு. பிப்ரவரி 14-இல் இந்த வாசகம் படிக்கப்பட்டது. அந்தத் தவக்காலத்தின் முடிவில், மார்ச் 24 பெரிய வியாழன் அன்று, போப் பிரான்சிஸ் ரோமுக்கு வடக்கே காஸ்தெல்நுவோவோ தி போர்த்தோ அகதிகள் மையத்துக்குப் போய் 12 பேரின் பாதங்களைக் கழுவினார். 11 பேர் அகதிகள், ஒருவர் மையத்தின் ஊழியர். கத்தோலிக்கர், கோப்டிக் கிறிஸ்தவர், முஸ்லிம்கள், ஓர் இந்து எல்லாரும் அதில் இருந்தார்கள். 11-ஆம் வசனத்தை வாயால் படிக்காமல் கையால் செய்து காட்டினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதே வாசகம் அடுத்து வந்தது 2019 மார்ச் 10-இல். அதற்குள், அந்த ஜனவரியிலேயே, சல்வீனி உள்துறை அமைச்சராக இருந்த இத்தாலிய அரசு அதே மையத்தைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டது. ஆட்களைப் பேருந்துகளில் ஏற்றி வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்து ஊர்வலம் போனார்கள். மேயரே ஒருவரைத் தன் வீட்டில் தங்கவைக்க முன்வந்தார். பொதுக்கூட்டத்தில் ஜெபமாலையைக் கையில் எடுத்துக் காட்டியவர்தான் சல்வீனி. ஆக, இது விசுவாசிகளுக்கும் அவிசுவாசிகளுக்கும் நடந்த சண்டை இல்லை.

2025-உம் மூன்றாம் ஆண்டுதான். தவக்காலத்துக்குச் சில வாரம் முன்பு அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸ், அன்புக்கு ஒரு வரிசை உண்டு, முதலில் குடும்பம், பிறகு அண்டை வீட்டார், ஊர், நாடு, அப்புறம்தான் உலகம் என்று வாதிட்டார். பிப்ரவரி 10-இல் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில் பிரான்சிஸ் நல்ல சமாரியன் கதையைக் காட்டி அதை மறுத்தார். வான்ஸ் சொல்வதை முழுசாகத் தள்ளிவிட முடியாது. பெற்ற பிள்ளைக்குச் சோறு போடாமல் ஊருக்கு அன்னதானம் செய்கிறவனை யாரும் மெச்ச மாட்டார்கள். ஆனால் 11-ஆம் வசனத்தைப் பாருங்கள். உனக்கும் உன் வீட்டாருக்கும் கிடைத்த நன்மை என்று சொல்லும் அதே வாக்கியத்தில்தான் அந்நியரும் வருகிறார். வீட்டாருக்குப் போக மிச்சம் என்று அவரை வரிசையின் கடைசிக்குத் தள்ளவில்லை. ஒரே கொண்டாட்டத்தில் உட்கார வைக்கிறது.

அடுத்த முறை இந்த வாசகம் வருவது 2028 மார்ச் 5. பட்டியலை மாற்ற வத்திக்கான் மனசு வைக்க வேண்டும், அது நம் கையில் இல்லை. ஆனால் மறையுரையில் சாமியார் அந்த ஒரு வசனத்தைப் படித்துக் காட்டலாமே. இருபது நொடிகூட ஆகாது.