அர்த்தகிராந்தி வரித் திட்டம்: ஒரு திறனாய்வு

அர்த்தகிராந்தி என்பது வருமான வரி உள்ளிட்ட வரிகளை நீக்கிவிட்டு, வங்கிப் பரிவர்த்தனை மீது மட்டும் வரி விதிக்கலாம் எனக் கூறும் முன்மொழிவு ஆகும். மகாராட்டிரத்தைச் சேர்ந்த அனில் போகிலும் அவருடைய அமைப்பும் இதைப் பரப்பிவருகின்றனர்.

முன்மொழிவு

இதன்படி இறக்குமதித் தீர்வை மட்டும் தொடரும். வங்கிக் கணக்கில் பணம் வரவாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 2 விழுக்காடு பிடிக்கப்படும். அத்தொகை மத்திய, மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கும் வங்கிக்கும் பகிரப்படும். உயர்மதிப்புப் பணத்தாள்களும் திரும்பப் பெறப்படும்.

நிறைகள்

எளிமையே இதன் சிறப்பு. கணக்குத் தாக்கல் செய்யும் சுமை இல்லை. வங்கி வழியாகச் செல்லும் பணத்தில் வரி ஏய்ப்பதும் கடினம்.

குறைகள்

வருமான வரி இலாபத்தின் மீது விழுகிறது. இந்த வரியோ விற்றுமுதல் மீது விழும். கிணத்துக்கடவுச் சந்தையில் தக்காளி விற்ற உழவருக்கு ரூ.50,000 கிடைத்து, செலவு ரூ.55,000 ஆகியிருந்தாலும் ரூ.1,000 பிடிக்கப்படும். இன்று வேளாண் வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. தக்காளிக்குச் சரக்கு சேவை வரியும் இல்லை. மாதம் ரூ.20,000 வாங்கும் தொழிலாளி இன்று வருமான வரி கட்டுவதில்லை, அவரும் ரூ.400 இழப்பார்.

சரக்கு சேவை வரி நீங்குவதால் விலைகள் குறையும் என்பது ஆதரவாளர்களின் வாதம். ஆனால் கொங்கு நாட்டு நெசவு, பின்னலாடைத் தொழில் பல கைகள் மாறி நடப்பது. எடுத்துக்காட்டாக, பருத்தி ரூ.100, பஞ்சு ரூ.120, நூல் ரூ.160, துணி ரூ.220, ஆடை ரூ.300, கடை விலை ரூ.400 எனக் கொள்வோம். ஒவ்வொரு படியிலும் 2 விழுக்காடு என்றால் மொத்த வரி ரூ.26. பஞ்சு முதல் ஆடை வரை ஒரே நிறுவனம் செய்தால் ரூ.16 மட்டுமே. ஆகவே சிறு பட்டறைகள் பெரிய ஆலைகளிடம் தோற்கும். இந்த வரிமேல் வரியைத் தவிர்க்கவே 2017 இல் வந்த சரக்கு சேவை வரியில் உள்ளீட்டு வரி வரவு தரப்படுகிறது.

பிற அனுபவங்கள்

பிரேசில் 1997 முதல் 2007 வரை வங்கிப் பரிவர்த்தனை வரியை விதித்தது. அதன் விகிதம் பெரும்பகுதிக் காலம் 0.38 விழுக்காடு, வருமான வரியும் உடன் தொடர்ந்தது. இந்தியா 2005 இல் வங்கிப் பண எடுப்பு மீது 0.1 விழுக்காடு வரி விதித்து, 2009 இல் கைவிட்டது. இவ்விரண்டும் வருமான வரிக்கு மாற்றாக அமையவில்லை.

மதிப்பீடு

வரி எளிமையாக இருக்கவேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் கட்டும் திறனைப் பாராத எளிமை, நட்டப்பட்டவரிடமும் வரி வாங்கும்.