அஸன்பே முதல் சங்கர்லால் வரை: கண்டிச் சீமையின் சாகச வாசிப்பு

இலங்கைத் தமிழின் முதல் நாவலை எழுதியவர் கண்டியில் பிறந்தவர். அந்த நாவல் ஒரு சாகசக் கதை. இந்த இரண்டு செய்திகளும் தனித்தனியே எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பேசுபவர்கள்தான் குறைவு. சேர்த்துப் பேசத் தொடங்கினால், துப்பறியும் கதை, சரித்திரத் தொடர், மாயாஜாலக் கதை ஆகிய மூன்றையும் திண்ணையில் நிறுத்திவிட்டு எழுதப்பட்ட நம் இலக்கிய வரலாற்றில் சில பக்கங்களைத் திருத்த வேண்டிவரும்.

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838இல் கண்டியில் பிறந்தார். சட்டத்தரணியாகத் தொழில் பார்த்தார். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காக அவர் பட்ட பாடு தனி வரலாறு. அவர் 1885இல் வெளியிட்ட ‘அஸன்பேயுடைய சரித்திரம்’ எகிப்தில் தொடங்குகிறது. பெரிய இடத்துக் குழந்தை ஒன்று களவு போகிறது, பம்பாயில் வளர்கிறது, வாலிபனாகிக் கல்கத்தா செல்கிறது, ஆபத்துகளைக் கடந்து கடைசியில் பிறந்த மண்ணுக்கே திரும்புகிறது. வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறியது 1879இல். ஆறே வருடத்தில் கண்டிக்காரர் ஒருவர், கப்பலும் கடத்தலும் தலைநகரங்களுமாக ஒரு கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார். நாவலுக்கு இரண்டு வருடம் முன்பு, 1883இல், எகிப்தியப் புரட்சித் தலைவர் அராபி பாஷா கைதியாக இலங்கைக்கு அனுப்பப்பட்டிருந்தார். அவரை வரவேற்று நட்புக் கொண்டாடியவர்களில் சித்திலெப்பையும் ஒருவர். பாஷா பின்னர் கண்டியிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் இருந்த வீடு இன்று நினைவகமாக நிற்கிறது. எகிப்து என்பது அன்றைய இலங்கை முஸ்லிம் வாசகருக்கு வரைபடத்தில் மட்டும் இருந்த தேசமல்ல, தெருவில் நடந்துபோகும் மனிதர்.

இந்த நாவலின் மேல் விமர்சகர்கள் சொல்லும் பெரிய குறை, கதை இலங்கையில் நடக்கவில்லை என்பது. எனக்கு அது குறையாகப் படவில்லை. வாசகரை ஊரைவிட்டு வெளியே அழைத்துப்போவது சாகசக் கதையின் முதல் வேலை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அஸன் தன் சாமர்த்தியத்தால் வெல்வதைவிட நற்குணத்தால் வெல்வது அதிகம். தற்செயல் வந்து கைகொடுக்கும் இடங்களும் ஏராளம்.

அடுத்து வந்தவையும் இதே குடும்பம்தான். திருகோணமலை இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வந்தது. கரடி வளர்த்த பிள்ளையும் அரண்மனை வளர்த்த பிள்ளையும் வரும் பழைய ஐரோப்பிய வீரக்கதை ஒன்றின் தமிழ் வடிவம் அது. அதே திருகோணமலையின் சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட ‘மோகனாங்கி’ தமிழின் முதல் சரித்திர நாவல் என்று கொள்ளப்படுகிறது. ஆக, சாகசம், அற்புதம், சரித்திரம் என்ற மூன்று வாசல்களும் பத்தே வருடத்தில் திறந்துவிட்டன. குடும்பக் கதையும் சமூகக் கதையும் பிறகுதான் உள்ளே வந்தன.

சித்திலெப்பைக்கும் முன்னே கண்டிச் சீமைக்கு இன்னொரு சாகசக் கணக்கு உண்டு. 1660இல் கொட்டியாரக் குடாவில் கரையிறங்கிய ஆங்கிலக் கப்பற்காரர்களை இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்தார்கள். அவர்களில் ரொபர்ட் நொக்ஸ் என்ற இளைஞர் பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்துக்குள் சிறைப்பட்டிருந்தார். தொப்பி பின்னி விற்றார், நெல் கடன் கொடுத்தார், சில்லறைச் சாமான்களைச் சுமந்து ஊரூராக வியாபாரம் செய்தார். வியாபாரம் என்ற சாக்கில் வடக்கே போகும் பாதைகளை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டார். அநுராதபுரப் பக்கம் அவர் கண்டவர்கள் தமிழ் பேசுபவர்கள். அவருடைய சிங்களம் அவர்களுக்கு விளங்கவில்லை. கடைசியில் மல்வத்து ஓயாவின் கரையோடு காட்டுக்குள் நடந்து, 1679 ஒக்டோபரில் மன்னார்க் கரையின் அரிப்பு ஒல்லாந்துக் கோட்டையை அடைந்தார். 1681இல் லண்டனில் வெளியான அவருடைய நூலை டானியல் டிஃபோ படித்திருந்தார். 1720இல் வந்த ‘கப்டன் சிங்கிள்டன்’ நாவலில் நொக்ஸின் தப்பித்தலை அவர் பெயரோடு எடுத்துச் சொல்லியிருக்கிறார். அதற்கு முந்திய வருடம் வந்த ‘ராபின்சன் குரூசோ’விலும் நொக்ஸின் சாயலைக் காணும் ஆய்வாளர்கள் உண்டு. உலகச் சாகச நாவலின் ஒரு வேர் நம் மலைகளுக்குள் ஓடுகிறது என்பதைக் கண்டிப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கிறோமா?

இனி வாசகர்களைப் பார்ப்போம். கண்டிச் சீமையின் தமிழ் வாசிப்பு ஒரே இடத்தில் முளைத்ததல்ல. முஸ்லிம் வீடுகளில் கிஸ்ஸா, படைப்போர், மசலா என்ற பாட்டு இலக்கியங்களைப் பாடிக் கேட்கும் வழக்கம் இருந்தது. கீழக்கரை அறிஞர் இமாமுல் அரூஸ் அரபுத்தமிழில் தந்த ‘மதீனத்துந் நுஹாஸ்’, அதாவது தாமிரப்பட்டணக் கதை, இந்த வழியில் வந்ததுதான். யாருமில்லாத செப்பு நகரம், ஜின்கள், காவல் பதுமைகள் என்று இன்றைய மாயப்புனைவுக்காரர்கள் கேட்கும் சரக்கு அத்தனையும் அந்த மரபில் கிடைக்கும். தோட்டங்களில் வேறு வழி. பகலில் கொழுந்தும் கவ்வாத்தும், இரவில் லயத்து வாசலில் ஒருவர் ராகம் போட்டு வாசிக்கப் பத்துப்பேர் கேட்பது. அல்லி அரசாணி மாலை, மயில்ராவணன் கதை, விக்கிரமாதித்தன் கதை எல்லாம் ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் கூத்தாகவே ஆடப்பட்டன. எழுத்துத் தெரியாதவரும் அங்கே கதையின் பரம ரசிகர். அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கேட்கும் பசி, நாவல் வருவதற்கு முன்பே தயாராக இருந்தது. மூன்றாவது வழி நகரத்துடையது. ரயிலும் பத்திரிகையும் கடைவீதியும் சேர்ந்து உண்டாக்கிய வாசகர்கள் இவர்கள். உத்தியோகத்தர், ஆசிரியர், கடைச் சிப்பந்தி, மாணவர்.

இந்த நகர வாசகரைப் பிடித்தது துப்பறியும் பள்ளி. ஜே.ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் மூவரும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பகுதியில் தமிழ் வாசகரைத் தூங்கவிடாமல் வைத்திருந்தார்கள். ஆரணியார் ஆங்கிலக் கதைகளை அள்ளி அள்ளித் தமிழாக்கினார். வடுவூராரின் திகம்பர சாமியார் ஊர் ஊராகப் பேசப்பட்டார். இலங்கையில் இந்தப் பள்ளிக்கு எதிர்பாராத ஒரு மாணவர் கிடைத்தார். மலையகத் தொழிற்சங்கத்துக்கு அடிக்கல் நாட்டிய கோ. நடேசய்யர்தான் அவர். தேசநேசன், தேசபக்தன் என்று பத்திரிகை நடத்தி, துரைமாரோடு மல்லுக்கு நின்ற அந்த மனிதர் 1920களில் ‘மூலையிற் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்’ என்று ஒரு நாவல் எழுதினார். தலைப்பைக் கேட்டதுமே ஓர்சி சீமாட்டியின் ஆங்கிலக் கதைகள் நினைவுக்கு வரும். லண்டன் தேநீர்க்கடை ஒன்றின் மூலையில் உட்கார்ந்து, நூலில் முடிச்சுப் போட்டபடியே குற்றங்களை அவிழ்ப்பவர் அந்தக் கிழவர். தேயிலை பறித்தவர்களின் தலைவர் தேநீர்க்கடைத் துப்பறிவாளரைத் தேர்ந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் மலையக நாவலின் தொடக்கத்தைத் தேடிப்போனால் அங்கே குந்தியிருப்பவர் ஒரு துப்பறிவாளர் என்பதில் தற்செயல் ஏதுமில்லை. புதிய வாசகரைச் சேர்க்க விரும்பும் பத்திரிகைக்காரருக்கு எந்தக் கதை வாசகரை இழுக்கும் என்று தெரியும்.

இந்த வரிசையில் தமிழ்வாணன் வேறு ரகம். 1948இல் தொடங்கிய ‘கல்கண்டு’ இதழும் அதில் உலவிய துப்பறிவாளர் சங்கர்லாலும் இலங்கை மாணவர்களுக்கு ஒரு காலத்தில் பாடப்புத்தகத்துக்கு நிகர். சிறிய வாக்கியம், நல்ல தமிழ், நாடுவிட்டு நாடு போகும் நாயகன். அவரும் தேநீர்ப் பிரியர் என்பதால் தேயிலை மலைக்காரர்களுக்குக் கூடுதல் சலுகை கொடுக்கலாம். தமிழ்வாணனின் புதிர்கள் பல, கொஞ்சம் யோசித்தால் பாதியிலேயே அவிழ்ந்துவிடும். ஆனாலும் வாசிப்பைக் கூச்சமில்லாத பழக்கமாக்கியதில் அவருக்குள்ள பங்கைப் பல பெரிய பெயர்களுக்குக் கொடுக்க முடியாது.

சரித்திரப் பள்ளியில் கல்கியைத் தாண்டி எதுவும் பேச முடியாது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ இலங்கை வாசகருக்கு இரண்டு மடங்கு சொந்தம். கதையின் ஒரு பெரும் பகுதி இங்கேதான் நடக்கிறது. வந்தியத்தேவன் தம்புள்ளைப் பக்கம் அலைகிறான். அநுராதபுரத்தில் அருண்மொழிவர்மருக்குப் பிக்குகள் முடி கொடுக்க வருகிறார்கள். கண்டியிலிருந்து மாத்தளை வழியாக வடக்கே பஸ்ஸில் போன எவருக்கும் அந்த ஊர்கள் கதைப்பெயர்கள் அல்ல. சாண்டில்யன் கடலையும் காதலையும் கலந்து இன்னொரு கூட்டத்தைச் சேர்த்தார். வர்ணனையில் அவர் ஒரு பக்கம் நின்றால் கதை மூன்று பக்கம் நின்றுவிடும், அது வேறு. நம் பக்கம் பார்த்தால், 1815இல் மெதமகாநுவரவில் பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்ட கடைசி மன்னன், தமிழ் பேசிய நாயக்க வம்சத்தவன். அவன் கதை தமிழ்நாட்டு மேடைகளில் ‘கண்டிராஜா’ நாடகமாக ஓடி ஓடிப் பணம் குவித்தது. கல்கி கையில் கிடைத்திருந்தால் ஐந்து பாகம் தேறியிருக்கும். கண்டித் தமிழரிடமிருந்து அந்தத் தரத்தில் ஒரு நாவல் இன்னும் எதிர்பார்ப்பிலேயே நிற்கிறது.

1970களின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. உள்ளூர் எழுத்து பிழைக்க இது வேண்டும் என்று எழுத்தாளர்கள் பலர் கேட்டதும் உண்மை. வாரத் தொடர் நடுவில் அறுந்துபோன வாசகரின் வயிற்றெரிச்சலும் உண்மை. அந்த வெற்றிடத்தில்தான் வீரகேசரிப் பிரசுரம் வளர்ந்தது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யும் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ம் 1973இல் அப்படி வந்தவை. வன்னிக்காடும் கடலும் கதைக்களமான இந்த நாவல்களில் சாகசத்தின் நாடித்துடிப்பும் இருந்தது, மண்ணும் இருந்தது. ‘மித்திரன்’ பத்திரிகை தன் பங்குக்கு மர்மத் தொடர்களால் மாலை நேரங்களை நிரப்பியது. 1977க்குப் பின் இறக்குமதிக் கதவு மறுபடி திறந்ததும் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, சுஜாதா என்று மாத நாவல்கள் குவிந்தன. கூடவே சிவகாசியின் முத்து காமிக்ஸ். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய அந்த வரிசையை ஒளித்துவைத்துப் படிக்காத ஆண்பிள்ளைகள் அந்தத் தலைமுறையில் குறைவு.

இவ்வளவு ஆர்வத்துக்கு நடுவே தரம் பற்றிப் பேசியவர்கள் யார்? 1952இல் பேராதனைக்கு வந்த பல்கலைக்கழகம் கண்டியைத் தமிழ் விமர்சனத்தின் தலைநகரங்களில் ஒன்றாக்கியது. க. கைலாசபதி அங்கே படித்தார், படிப்பித்தார். அவருடைய ‘தமிழ் நாவல் இலக்கியம்’ 1968இல் வந்தது. சமூக யதார்த்தமே நாவலின் உயிர் என்ற அந்தப் பார்வை நமக்கு நிறையக் கொடுத்தது. கண்டியிலிருந்து வந்த ‘மலைமுரசு’, ‘செய்தி’ போன்ற ஏடுகள் தோட்டத்து வாழ்வை எழுத ஒரு தலைமுறையையே தட்டியெழுப்பின. ஆனால் அதே பார்வை, ஊர் முழுவதும் வாசித்த கதைகளை ‘நசிவு இலக்கியம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. மூட்டைக்குள் நல்லதும் கெட்டதும் இருக்குமே என்று யாரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. கணிப்பு இல்லாத இடத்தில் தரம் வளராது. நல்ல மர்ம நாவலுக்கும் மட்டமான மர்ம நாவலுக்கும் வித்தியாசம் சொல்ல ஆளில்லாததால் இரண்டும் ஒரே விலைக்குப் போயின.

அளவுகோல் இல்லாமலும் இல்லை. இன்னொரு நொக்ஸ், ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். துப்பு எதையும் வாசகரிடம் மறைக்கக்கூடாது, தற்செயலால் மர்மம் அவிழக்கூடாது, பேய்பிசாசு கூடாது, ஒன்றுக்கு மேல் இரகசிய வழி கூடாது. இரகசிய வழி பற்றிய விதியைக் கல்கிக்குப் போட்டால் அவர் முதல் பாகத்திலேயே தோற்றுவிடுவார். ஆகவே விதிகளை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டாம். நம் வாசகர் வீட்டு வாசலில் கதை கேட்டு வளர்ந்தவர். அற்புதத்தை அவர் மறுக்கமாட்டார். ஆனால் ஒரு முறை சொன்ன விதியைக் கதை நடுவில் மாற்றினால் மன்னிக்கவும் மாட்டார். மயில்ராவணனின் உயிர் எங்கே ஒளிந்திருக்கிறதோ அங்கே அடித்தால்தான் அவன் சாகவேண்டும்.

என் அளவுகோலைக் கண்டிக் கைதி நொக்ஸிடமிருந்தே எடுக்கிறேன். அவருடைய தப்பித்தலில் வாள்வீச்சு கிடையாது. வருடக்கணக்கான தயாரிப்பு, பாதை அறிவு, பேச்சுச் சாமர்த்தியம், பயம் இவைதான். வழி உண்மையாக இருக்கவேண்டும், வெற்றிக்கு நாயகன் விலை கொடுக்கவேண்டும். அப்படிப் பார்த்தால் இன்று வருகிற விறுவிறுப்பு நாவல்களில் பாதிக்கு மேல் முதல் சோதனையிலேயே விழும். வழியைப் பொய்யாக்கும் இந்த நோய் நமக்கு மட்டும் உரியதல்ல. 1984இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் படத்துக்காக கண்டியின் ஹந்தானை மலையில் இந்தியக் கிராமம் போட்டார்கள், அந்தக் கிராமத்துப் பெரியவர் பேசியதோ சிங்களம். உலகம் முழுக்கக் கைதட்டிப் பார்த்தது. கண்டிக்காரர் மட்டும் சிரித்தார்.

பதிப்பாளர் பஞ்சமும் இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு இல்லை. கல்ஹின்னையில் எஸ்.எம். ஹனிபாவின் தமிழ் மன்றம், உடத்தலவின்னையில் புன்னியாமீனின் சிந்தனை வட்டம் என்று கிராமங்களிலிருந்தே புத்தகம் போட்டுக் காட்டியவர்கள் இங்கே இருந்தார்கள். சிந்தனை வட்டம் வெளியிட்டவை மட்டும் முந்நூறுக்கு மேல். அந்த உழைப்பில் ஒரு சிறு பங்கு இந்தத் துறைக்கும் கிடைக்கவேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அஸன்பேயையும் மூலையிற் குந்திய முதியோனையும் அருஞ்சொல் விளக்கத்தோடு மாணவர் பதிப்பாக ஒரே நூலில் கொண்டுவர யாராவது முன்வர வேண்டும். இதை வாசிப்பவர்கள் வீட்டில், பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்து பைண்ட் பண்ணிய தொடர்கதைகளோ, அட்டை போன மாத நாவல்களோ, மித்திரன் நறுக்குகளோ இருந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாதீர்கள். 2005இலிருந்து ஈழத்து அச்சுகளை மின்வடிவாக்கிவரும் நூலகம் நிறுவனத்துக்குத் தெரியப்படுத்துங்கள், அல்லது உங்கள் ஊர்ப் பாடசாலை நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.