முதிர்ந்த பூஅர்த் தேயிலை

சீன தேசத்து யுன்னான் மாகாணத்தின் மலைச்சரிவுகளில் பறித்து, வெயிலில் உலர்த்தி, ஆவியில் இளக்கி, வட்ட வில்லையாக அழுத்தப்பெறும் பூஅர்த் தேயிலை, காலம் செல்லச் செல்லக் கசப்பும் துவர்ப்பும் தணிந்து கனிவடைகிற அபூர்வ குணம் உடையது. வழக்கமாக 357 கிராம் எடையுள்ள அந்த வில்லையின் மெல்லிய காகித உறையைப் பிரிக்கும்போது எழும் சரசரப்பே எனக்கு ஓர் ஆனந்தம். கூரிய ஊசிமுனையை விளிம்பில் செருகி, இலை நொறுங்காமல் அடுக்கடுக்காக நெம்பிப் பெயர்ப்பதற்குக் கைப்பழக்கத்தைக் காட்டிலும் பொறுமையே வேண்டும். அவசரப்பட்டால் தூள்தான் மிஞ்சும், தூளோ கசக்கும்.

பெயர்த்த இலையைச் சிறு மண் கெண்டியில் இட்டு, கொதிநீர் வார்த்து, முதல் நீரை உடனே வடித்துக் கொட்டிவிட்ட பிறகு, மூடியைத் திறந்து முகர்ந்தால், பழைய மரப்பெட்டியின் வாசனையும் கற்பூரத்தின் குளிர்ச்சியும் கலந்து வருகின்றன. சில விநாடிகளே ஊறவிட்டு வடிக்கும் அந்தச் செந்நிறச் சாறு, அதே இலையில் பத்துத் தடவை நீர் வார்த்தாலும் சாரம் சிறிது சிறிதாகவே குறைந்து, இனிப்பு மேலோங்கி, தொண்டையில் நெடுநேரம் தங்குகிறது. ஆனால் சேமிப்பதில்தான் ரசிகனின் சிரத்தை முழுவதும் வெளிப்படும்: ஹாங்காங்கின் ஈரக்காற்றில் விரைவாகவும், குன்மிங்கின் வறண்ட காற்றில் மெதுவாகவும் முதிர்கிற இந்த இலை, அண்டையிலுள்ள எந்த வாசனையையும் கிரகித்துக்கொள்ளும் சுபாவமுடையதாதலால், சமையலறையிலும் ஊதுபத்தி ஏற்றும் அறையிலும் இதனை வைத்தலாகாது. வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில், காகித உறையோடேயே வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் முதிர்ச்சி தடைப்படும்.