சுமாராக எடுக்கும் உரிமை

2009 ஆகஸ்டில் '15மலேசியா' குறும்படங்கள் ஒவ்வொன்றாக இணையத்தில் வரத் தொடங்கியபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் படம் பார்க்கும் வட்டம் முழுக்க அதே பேச்சாக இருந்தது. பாடகரும் தயாரிப்பாளருமான பீட் தியோ தொகுத்தது. பணம் பி1 என்ற இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து வந்தது. ஊழல், மதம், இனம், சிறார் பாலியல் வன்முறை என்று வீட்டில் பேசத் தயங்குவதையெல்லாம் 15 படங்கள் பேசின. டிக்கெட் கிடையாது. தணிக்கை வாரியத்தின் வாசலையும் மிதிக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சியும் நாளிதழ்களும் பெரும்பாலும் அரசின் கையிலோ ஆளுங்கட்சிக்கு நெருக்கமானவர்கள் கையிலோ இருந்த காலம் அது. அந்த வேளையில் இப்படி ஒரு வழியைக் கண்டுபிடித்ததற்கே பீட் தியோவுக்குப் பாதி மதிப்பெண் போட்டுவிடலாம்.

மீதிப் பாதிக்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் படங்கள். என் கணக்கில் மூன்று இன்றும் நிற்கின்றன. யாஸ்மின் அகமட்டின் 'சாக்லேட்' அவருடைய கடைசிப் படம். 2009 ஜூலை 25 அன்று அவர் இறந்துவிட்டார், படம் வெளிவந்ததைப் பார்க்கவில்லை. ஒரு சிறு கடை, கல்லாவில் ஒரு சீனப் பையன், சாமான் வாங்க வரும் மலாய்ப் பெண், உள்ளேயிருந்து கேட்கும் அம்மாவின் குரல். அவ்வளவுதான் கதை. அந்த அம்மாவின் முகத்தைக் காட்டி ஒரு வசனம் பேச வைத்திருந்தால் படம் பாடமாகியிருக்கும். யாஸ்மின் குரலை மட்டும் உள்ளே விடுகிறார். பையனும் பெண்ணும் கேட்டும் கேட்காததுபோல நிற்கும் சில நொடிகளில் இந்த நாட்டின் இனச் சிக்கல் முழுவதும் வந்துவிடுகிறது. டான் சுய் முய்யின் 'வன் ஃபியூச்சர்', எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கும் ஒரு வருங்கால நாட்டை அசையாப் படங்களாலும் ஒரு கதைசொல்லியின் குரலாலும் கட்டுகிறது. சின்னச் செலவில் இவ்வளவு அச்சம் தரும் படம் இங்கே அபூர்வம். நம்ரோனின் 'லாலிபாப்' தொடக்கூடாததாக இருந்த சிறார் பாலியல் வன்முறையை, கண்ணீரை இறைக்காமல் தொடுகிறது.

நான்காவதாக ஹோ யூஹாங்கின் 'பொத்தோங் சாகா'வைச் சேர்க்கலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இசுலாமிய வங்கியில் கணக்குத் திறக்க விருத்தசேதனம் செய்தாக வேண்டும் என்று நம்பிவிடும் சீனன் ஒருவனின் கதை. வயிறு குலுங்கச் சிரிக்கலாம். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மற்றவை பல சுமார் ரகம். அரசியல்வாதிகளை நடிக்க வைத்த உத்தி அப்போது பெரிய செய்தியானது. ஆளுங்கட்சியான அம்னோவின் அன்றைய இளைஞர் தலைவர் கைரி ஜமாலுடின், டாக்சிக் கதையான 'மீட்டர்' படத்தில் வந்தார். கிளந்தான் மாநிலத்தின் அன்றைய மந்திரி பெசார் நிக் அசிஸ், அமிர் முகமட்டின் 'தி ட்ரீ'யில் வந்தார். கூட்டம் சேர்க்க அது உதவியது, சந்தேகமில்லை. அதற்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். அரசியல்வாதி திரையில் சிரிக்கத் தெரிந்த மனிதராகிவிட்டால் அவரைப் பற்றிய கேள்வி அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. 'மீட்டர்' எனக்கு நினைவில் இருப்பது கைரியால்தான், டாக்சியால் அல்ல. ஒரு படத்துக்கு இது பாராட்டா என்ன?

இனி பட்டியல். ஒரு தொகுப்பில் தொகுப்பாளர் எடுக்கும் முதல் படம் இயக்குநர் பட்டியல்தான். அமிர் முகமட், ஜேம்ஸ் லீ, லியூ செங் தாட், டான் சுய் முய் ஆகிய நால்வரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் தா ஹுவாங் பிக்சர்ஸ். நால்வரும் இதில் இருக்கிறார்கள். ஹோ யூஹாங், வூ மிங் ஜின் எல்லாம் அந்த நால்வரோடு மலேசிய சினிமாவின் புதிய அலையில் சேர்த்துப் பேசப்பட்டவர்கள். 15 படங்களில் பெண்கள் இயக்கியவை இரண்டு. தமிழ்ப் படம் எடுத்துப் பெயர் வாங்கிய ஒருவர்கூட இல்லை.

அப்போது ஆள் இல்லையா? தீபக் குமாரன் மேனன் 2005இல் 'செம்மண் சாலை'யையும் 2007இல் 'சலங்கை'யையும் முடித்து உலகத் திரைப்பட விழாக்களுக்கு அனுப்பியிருந்தார். ஆள் இருந்தார், அலையில் சேர்க்கப்படவில்லை. இதில் வஞ்சனை இருந்ததாக நான் சொல்லவில்லை. நண்பர்களைக் கூப்பிட்டார்கள், நண்பர்கள் வந்தார்கள். ஆனால் தொகுப்பின் பெயர் 'என் நண்பர்கள்' என்றில்லை, '15மலேசியா' என்றிருக்கிறது.

இது வெறும் எண்ணிக்கைக் குறை என்று ஒதுக்கிவிட முடியாதபடி காலமும் சேர்ந்துகொள்கிறது. 2007 நவம்பர் 25 விடியுமுன் பத்துமலைக் கோயில் வளாகத்தில் கதவுகள் சாத்தப்பட்டு, உள்ளே நின்ற கூட்டத்தின் மேல் நீரும் கண்ணீர்ப்புகையும் பாய்ந்தன. மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்ட அன்றைய ஹிண்ட்ராஃப் பேரணி தொடங்கிவைத்த கோபத்துக்கு 2008 மார்ச் 8 தேர்தலில் பெரிய பங்கு உண்டு. ஆளும் பாரிசான் கூட்டணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது, சுங்கை சிப்புட்டில் ம.இ.கா. தலைவர் சாமிவேலு தோற்றார். '15மலேசியா'வின் துணிச்சலுக்கு இடம் கிடைத்ததே அந்தத் தேர்தலுக்குப் பின் வந்த காற்றில்தான். காற்றைக் கிளப்பியவர்களில் ஒரு தரப்புக்கு இயக்குநர் நாற்காலி இல்லை.

இங்கே ஒரு எதிர்வாதம் எழும், எழத்தான் வேண்டும். தமிழன் கதையைத் தமிழன்தான் எடுக்க வேண்டுமா? அதே 2009இல் யாஸ்மினின் 'டேலண்டைம்' வந்தது. அதில் மகேஷ் என்ற தமிழ்ப் பையனின் வீடு, அம்மா, மாமா எல்லாம் எந்தக் கேலியும் இல்லாமல் வருகிறார்கள். அமிர் முகமட்டும் அதே ஆண்டு 'மலேசியன் காட்ஸ்' என்ற ஆவணப்படத்தில் 1998 ரிஃபார்மாசி போராட்டம் நடந்த தெருக்களுக்குப் போய் அங்கிருப்பவர்களைத் தமிழில் பேச வைத்தார். மலாய்க்காரர்களின் அரசியல் நினைவு என்று எல்லாரும் நினைத்த ஒன்றைத் தமிழ்க் குரலில் கேட்க வைத்தது பெரிய காரியம். இந்த இரண்டுக்கும் நான் நன்றியுள்ளவன்.

ஆனால் 'டேலண்டைம்' படத்தை இன்னொரு முறை பாருங்கள். மகேஷுக்குக் காது கேட்காது, பேச்சு வராது. காதலின் இலக்கணத்துக்கு அது மிக அழகாகப் பொருந்துகிறது, மறுக்கவில்லை. இருந்தாலும் இவ்வளவு பரிவோடு திரைக்கு வந்த தமிழ்ப் பையன் தன் வாயால் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது உறுத்துகிறது. அவன் கதையில் இருப்பதும் மெலூர் என்ற மலாய்ப் பெண்ணுக்கு எதிரில் நிற்பதற்காக. ஒற்றுமை பேசும் மலேசியப் படங்களில் தமிழர் பெரும்பாலும் மூன்றாவது நாற்காலி. மலாய்க்காரர் ஒருவர், சீனர் ஒருவர் உட்கார்ந்த பிறகு சட்டகம் சமன்படுவதற்காகப் போடப்படுவது.

'சலங்கை'யில் அந்தக் கணக்கு இல்லை. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் பூ விற்கும் அம்மா, கார் கழுவும் அண்ணன், பரதம் கற்க ஆசைப்படும் உமா. இவர்கள் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. வாடகை, நாளைய பூ, வகுப்புக் கட்டணம் என்று அவர்களுக்குள்ளேயே உழல்கிறார்கள். படம் சில இடங்களில் இழுவை. நடிப்பிலும் ஏற்ற இறக்கம் உண்டு. ஆனாலும் 2010இல் மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்த வளைவு, நீரூற்று, 'லிட்டில் இந்தியா' பெயர்ப்பலகை எல்லாம் வருவதற்கு முந்தைய பிரிக்ஃபீல்ட்ஸை, அங்கே வாழ்கிறவர்கள் பார்க்கும் உயரத்திலிருந்து பார்க்க எனக்குத் தெரிந்து வேறு படம் இல்லை. சுற்றுலா விளம்பரங்கள் பத்துமலையை எடுக்கும் விதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: 140 அடி முருகன், 272 படி, வண்ணம், வெட்டு. அந்தப் படிகளுக்குக் கீழே கடை போட்டிருப்பவரின் ஒரு மதியம் எந்த விளம்பரத்திலும் வராது.

தொகுப்பில் இடம் கிடைப்பதால் என்ன கிடைக்கிறது? புகழ் என்பார்கள். எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது: சுமாராக எடுக்கும் உரிமை. '15மலேசியா'வில் பல படங்கள் சுமார் என்றேன். அதனால் அவற்றை எடுத்தவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அடுத்த படத்துக்குப் போனார்கள். 'சீனர்களுக்குப் படம் எடுக்கத் தெரியாது' என்று யாரும் சொல்லவில்லை. தமிழ் இயக்குநருக்கு அந்த இடைவெளி இல்லை. 2015 டிசம்பரில் வந்த சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' எப்பேர்ப்பட்ட படம்! தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய குடும்பங்கள், அப்போய் என்ற சுட்டிப் பையன், குண்டர் கும்பலில் ஒரு சித்தப்பா. அப்படியிருந்தும் 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழா அதை முதலில் மலாய் மொழி அல்லாத படங்களுக்கான தனிப் பிரிவில்தான் வைத்தது. திரையுலகில் எதிர்ப்புக் கிளம்பி, சிலர் விழாவைப் புறக்கணித்து, ஏற்பாட்டாளர்கள் விதியை மாற்றிய பிறகே பொதுப் பிரிவில் 'ஜகாட்' சிறந்த படமாக வென்றது. வெல்ல வேண்டியிருந்தது. தோற்றிருந்தால் அந்தத் தனிப் பிரிவே சரி என்றிருப்பார்கள்.

நீரிணைக்கு அப்பால் ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. சிங்கப்பூரின் 50ஆவது ஆண்டுக்காக 2015இல் வந்த '7 லெட்டர்ஸ்' தொகுப்பில் ஏழு இயக்குநர்களில் ஒருவர் கே. ராஜகோபால். பிரிட்டிஷார் வெளியேறும் காலத்தில், கூடப் போவதா இங்கேயே இருப்பதா என்று முட்டிக்கொள்ளும் ஓர் இந்தியக் குடும்பத்தை அவர் எடுத்தார். அடுத்த ஆண்டே அவருடைய முதல் முழுநீளப் படம் 'எ யெல்லோ பேர்ட்' கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. குறும்படத் தொகுப்பால்தான் அது நடந்தது என்று சொல்ல மாட்டேன். அவர் 1990களிலிருந்தே குறும்படம் எடுத்து விருது வாங்கியவர். ஆனால் வேறொன்றைக் கவனியுங்கள். அந்த ஏழு பேரில் ஒரு மலாய் இயக்குநர்கூட இல்லை. மலாய்க்காரர்கள் திரையில் வருகிறார்கள், கேமராவுக்குப் பின்னால் இல்லை. கோலாலம்பூரில் நமக்கு நடந்தது அங்கே அவர்களுக்கு நடந்திருக்கிறது. நோய் ஒன்றுதான், நோயாளிதான் வேறு.

இதற்கெல்லாம் மாற்றாக ஒன்று ஏற்கெனவே இங்கே ஓடிக்கொண்டிருந்தது. கோமாஸ் என்ற மனித உரிமை அமைப்பு 2003இல் தொடங்கிய ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட், கேமராவையே தொட்டிராதவர்களுக்கும் சிறு மானியம் கொடுத்துப் படம் எடுக்க வைத்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1947 ஹர்த்தாலைத் தோண்டியெடுத்த ஃபாமி ரேசாவின் படம், கோலாலம்பூரின் சௌகிட் பகுதித் திருநங்கையரைப் பற்றிய 'பெச்சா லொபாங்' எல்லாம் அந்த வழியில் வந்தவை. படத்துக்குப் படம் ஒப்பிட்டால் '15மலேசியா'வே மேல்: ஒளி சுத்தம், ஒலி சுத்தம், வெட்டு கச்சிதம். கோமாஸ் படங்களில் பலவற்றில் நேர்காணல் முடிந்ததும் படமும் முடிந்துவிடும். அதைவிடப் பெரிய குறை, அங்கே வருகிறவர் தன் காயத்தைக் காட்டியாக வேண்டும் என்ற எழுதப்படாத நிபந்தனை. வீடு இடிபட்டவர் வீடு இடிபட்டதைத்தான் எடுக்கலாம். அவருக்குப் பேய்ப்படம் எடுக்க ஆசை என்றால் மானியம் கிடைக்குமா தெரியவில்லை. ஆயினும் ஆபத்தை நிஜமாகச் சுமந்தவர்கள் இவர்கள். 2013 ஜூலையில் 'நோ ஃபயர் ஸோன்' என்ற இலங்கைப் போர் ஆவணப்படத்தைத் தணிக்கையில்லாமல் திரையிட்டதற்காக கோமாஸ் ஊழியர் லீனா ஹென்ட்ரி மீது வழக்குப் போட்டார்கள். நான்காண்டு இழுத்து 2017இல் 10,000 ரிங்கிட் அபராதத்தில் முடிந்தது. '15மலேசியா'வின் தைரியத்துக்கு அப்படியொரு ரசீது வரவில்லை.

நம் பக்கமும் கேட்க வேண்டியது உண்டு. தமிழ்க் குறும்படப் போட்டிகளில் நடுவர்கள் இன்னும் 'மெசேஜ் என்ன?' என்றே கேட்கிறார்கள். கோடம்பாக்கத்து சண்டைக்காட்சியைக் கிள்ளானில் மறுபடி எடுத்தவனுக்குக் கைதட்டல் விழுகிறது. 'சலங்கை'யின் இழுவையைப் பொறுக்காதவர்களில் பெரும்பாலோர் நாம்தான். சுமாராக எடுக்கும் உரிமையை மற்றவர் தரவில்லை என்று புகார் சொல்லும் நாம், நம் ஆளுக்கு அதைக் கொடுத்தோமா?

தீர்ப்பு இதுதான். '15மலேசியா' விநியோகத்தில் முன்னோடி. மூன்று நல்ல படங்களுக்காக இன்றும் பார்க்க வேண்டியது. தொகுப்பாக அது ஒரு நட்பு வட்டத்தின் நல்ல பதிவு, நாட்டின் பதிவு என்று அது தனக்கு வைத்துக்கொண்ட பெயர் பொருந்தாது. கோமாஸ் படங்கள் கலையில் அதற்குக் கீழே, தேர்வில் அதற்கு மேலே. இனி யாராவது கிள்ளான் பள்ளத்தாக்கில் 15 பேரைச் சேர்த்தால், தமிழருக்கு ஒரு படம் என்று ஒதுக்கினால் போதாது. ஒன்று மட்டும் என்றால் அவர் நல்ல படமாக எடுத்தே தீர வேண்டியிருக்கும். மூன்று பேரையாவது கூப்பிடுங்கள். அதில் இரண்டு சொதப்பட்டும்.